தட்டிப் பார்த்த ஊர்

பெரியவர்களே, சின்னவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எந்த மலைக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று மக்கள் இன்னும் மறக்காமல் இருந்த காலத்தில், கல்மலை நாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதைத் திடவர்மன் என்ற அரசன் ஆண்டான். நல்ல அரசன்தான். ஆனால் நல்லவனாக இருப்பதும் மாறாதவனாக இருப்பதும் ஒன்றேதான் என்று எண்ணிக்கொண்டிருந்தான். கதை கிளம்புவது அங்கிருந்துதான்.

கல்மலையில் வீடு கல், வீதி கல், மாட்டுத் தொட்டியும் கல். ஊரில் முக்கால்வாசிப் பேர் கல் வெட்டுகிறவர்கள். இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல் செருகாத ஆளை அங்கே பார்க்க முடியாது. நல்ல கல்லைத் தட்டினால் கணீர் என்று மணி போல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். கல்லுக்கு அது சரியான சோதனை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சோதனை பழகிவிட்டால் கை சும்மா இருக்குமா? அவர்கள் பானையைத் தட்டினார்கள். பூசணிக்காயைத் தட்டினார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "குரல் கணீரென்று வருகிறது, பெண்ணைக் கொடுக்கலாம்" என்று முடிவு செய்தவர்களும் உண்டு. கணீரென்றால் உறுதி, மொத்தென்றால் பொய். அந்த ஊரின் அறிவு முழுக்க அந்த ஒரு தட்டில் அடங்கியிருந்தது.

அந்த ஊரில் அரும்பாயி என்று ஒருத்தி இருந்தாள். மூங்கில் கீறிக் கூடையும் முறமும் முடைபவள். கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூடையைத் தட்டினால் என்ன ஒலி வந்துவிடும்? அவள் செய்வதற்கெல்லாம் ஊரார் வைத்த பெயர் 'ஊமைச் சாமான்'. வாங்கிக்கொள்வார்கள், வருஷக்கணக்கில் புழங்குவார்கள், ஒரு நாளும் நல்லது என்று சொல்லமாட்டார்கள்.

அவள் கணவன் சடையன். இருபது வருஷம் கல் வெட்டியவன். கல்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்போது பத்து அடி நடந்தால் நின்று இருமுவான், இன்னும் பத்து அடி நடந்தால் உட்கார்ந்து இருமுவான். வேலையை விட்டுவிட்டான், சுத்தியலை மட்டும் விடவில்லை.

"தொழில்தான் போயாச்சே, அதை எதுக்கு மாமா இடுப்பில் தூக்கிக்கிட்டுத் திரியிற?" என்பாள் அரும்பாயி.

"இதைக் கழற்றினால் வேட்டி நிற்காது புள்ள" என்பான் அவன்.

இப்படி அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

ஊருக்கும் ஊரின் விளைநிலத்துக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆறு என்றால் மணல் ஆறு அல்ல. நான்கு ஆள் ஆழத்தில் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஆறு. அகலம் இருபத்துநான்கு முழம். இயற்கையாகவே ஒரு பாறை இரு கரையையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதன்மேல்தான் காலங்காலமாகப் பொதிமாடுகள் தானியம் சுமந்து வந்தன. ஒரு வைகாசி மாதம் அந்தப் பாறை சரிந்து ஆற்றில் விழுந்தது.

கோடையில் ஆள் இறங்கி ஏறக் கரையில் படி உண்டு. செங்குத்தான படி. வெறுங்கையோடு வருபவனுக்கே முழங்கால் நடுங்கும், மூட்டையோடு முடியாது. மலையைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று நாள் நடை, அதுவும் ஆட்டுத்தடம். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் படியும் மூழ்கும், தடமும் வழுக்கும். புரட்டாசியில் அறுக்கும் தானியம் அக்கரையிலேயே கிடந்து முளைத்துப் போகும்.

அரசன் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தான். இருக்கிற தானியம் மழைக்காலம் முழுவதற்கும் எல்லோருக்கும் காணாது. மூன்று நாள் யோசித்தான். பிறகு ஓர் ஆணை எழுதினான்.

'ஐப்பசி பிறக்கும்போது, கல் வெட்டாத வீடுகள் ஊரைவிட்டுப் போக வேண்டும்.'

அந்த நாட்டில் ஆணையை ஓலையில் எழுதுவதில்லை. கல்லில் வெட்டுவார்கள். கல்லில் வெட்டியதை அழிப்பதில்லை. அரண்மனை வாசலில் ஆணைக்கல் நட்டுவிட்டால் அரசனே வந்தாலும் மாற்ற முடியாது என்பது வழக்கம். கல் வெட்டாத வீடுகள் ஏழு. கயிறு திரிப்பவர் வீடு, எண்ணெய் ஆட்டுபவர் வீடு என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஏழாவது அரும்பாயி வீடு.

மலையைச் சுற்றி வெளியே போக மூன்று நாள் நடை. பத்து அடிக்கு ஒருமுறை நின்று இருமுகிற ஆளோடு.

அரும்பாயி ஆணைக்கல்லைப் படித்துவிட்டு வந்து, பாதி முடைந்த கூடையை எடுத்து மீதியை முடைந்தாள். சடையன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னை அங்கங்கே உட்கார வைத்து உட்கார வைத்துக் கூட்டிப் போனால் போதும்" என்றான். "தை மாசத்துக்குள்ளே போய்ச் சேர்ந்துவிடலாம்."

அவள் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் பாலம் கட்டும் வேலை தொடங்கியது. தலைமைக் கல்தச்சர் குன்றப்பன். கைத்திறனில் அவருக்கு ஈடு நாட்டில் இல்லை. அவர் மலையெல்லாம் அலைந்து, முப்பது முழ நீளத்தில் ஒரே கல்லாக ஒரு பலகைக் கல்லைப் பிளந்தெடுத்தார். தலையில் தட்டினார், கணீர். நடுவில் தட்டினார், கணீர். வாலில் தட்டினார், கணீர். உருளை மரம் வைத்து உருட்டி, இரு கரையிலும் பொருந்தக் கிடத்தினார்.

கல்மலையில் ஒரு முறை உண்டு. ஒரு வேலையைச் செய்தவர்தான் அதன்மேல் முதலில் நடக்க வேண்டும். முதல் பாரத்தையும் அவரேதான் கொண்டுவர வேண்டும். குன்றப்பன் ஆடிமாதத்தில் ஒரு நல்ல நாளில் அதன்மேல் நடந்தார். கல் இம்மி அசையவில்லை. ஊர் வாய் பிளந்து பார்த்தது.

"வளைகிறதா, பார்" என்றான் அரசன்.

"நூல் பிடித்துப் பார்த்துவிட்டேன் அரசே. மயிரிழை வளையவில்லை" என்றார் அமைச்சர் மதிவாணர்.

குன்றப்பன் அக்கரை போய், மண்மூட்டை ஏற்றிய ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். நடுப்பாதிக்கு வந்தார். ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம்தான். முன்னறிவிப்பு இல்லை, முனகல் இல்லை. கல் இரண்டாகி ஆற்றில் விழுந்தது. மாடு செத்துப்போனது. குன்றப்பனைக் கால் முறிந்த நிலையில் தூக்கி வந்தார்கள்.

கூட்டம் அழுதுகொண்டு கலைந்தது. அரும்பாயி மட்டும் படியிறங்கிப் போய் உடைந்த கல்லைப் பார்த்தாள். மூங்கில் சிம்பை வளைத்து வளைத்துக் கூடை முடைகிறவள் அல்லவா? சிம்பு முறியும்போது எந்தப் பக்கம் முதலில் பிளக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். வளைவின் உட்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். இழுபடும் பக்கம்தான் முதலில் பிரியும். அதற்காகத்தான் மூங்கிலின் தோல் பக்கத்தை எப்போதும் வெளியே வைத்து வளைப்பாள்.

இந்தக் கல்லும் அப்படித்தான் போயிருந்தது. மேல்பக்கம் சிதையாமல் இருந்தது. பிளவு அடியிலிருந்து தொடங்கியிருந்தது.

அடுத்து அமைச்சர் மதிவாணர் எழுந்தார். "கல் ஏன் உடைந்தது? வளையாததால் உடைந்தது. ஆகவே வளைவதை மட்டுமே வைத்துக் கட்டுவோம்" என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. கற்றாழை நாரில் கைப்பருமன் கயிறுகள் திரித்தார்கள். கரைக்குக் கரை கட்டினார்கள். குறுக்கே கயிறு பின்னினார்கள். ஆவணி மாதம் அமைச்சர் அதன்மேல் நடந்தார்.

அது அறுந்து போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அமைச்சர் கால் வைத்த இடமெல்லாம் பள்ளமாயிற்று. நடுவே போனபோது ஆற்றுக்குள் பாதி இறங்கியிருந்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார், கடைசியில் நான்கு காலில் தவழ்ந்து அக்கரை சேர்ந்தார். மாட்டைப் பிடித்து இழுத்தார்கள். மாடு ஒரு காலை வைத்தது. கயிறு கீழே போனது. காலை எடுத்துக்கொண்டு அமைச்சரை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் அடித்தும் நகரவில்லை.

"மந்திரி பாலம் கட்டவில்லையப்பா, தொட்டில் கட்டியிருக்கிறார்" என்றது கூட்டம்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. அக்கரையில் கதிர் முற்றியது. ஏழு வீடுகளிலும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

அரும்பாயி மூட்டை கட்டவில்லை. அரண்மனைக்குப் போனாள். கையில் மூன்று பொருள் வைத்திருந்தாள். இரண்டு முழத்தில் ஒரு கற்சில்லு, இரண்டு முழக் கயிறு, இரண்டு முழ மூங்கில்.

"என்ன தாயி, விற்க வந்தாயா?" என்றான் காவலாளி.

"அரசர் வாங்குவாரா என்று பார்க்கணும்" என்றாள்.

சபையில் குன்றப்பன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். அமைச்சர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அரும்பாயி மூன்றையும் தரையில் வைத்தாள்.

"அரசே, நம்ம ஊரில் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்விதான் கேட்கிறோம். தட்டினால் என்ன சொல்லும் என்று. நான் மூன்று கேள்வி கேட்கலாம் என்று வந்தேன். பாரம் வைத்தால் எவ்வளவு வளையும்? பாரம் எடுத்தால் திரும்பி வருமா? எந்தப் பாரத்தில் முறியும்? இந்த மூன்றும் வேறு வேறு கேள்வி."

"ஒன்றுதானே?" என்றான் அரசன். "வளையாதது முறியாது."

"குன்றப்பண்ணன் கல்லு?" என்றாள் அவள், மெதுவாக.



அவள் கற்சில்லைச் செங்குத்தாக நிறுத்தினாள். அதன் தலையில் ஒரு பலகையை வைத்து, "இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அரசர் ஏறி நிற்கட்டும்" என்றாள். அரசன் ஏறி நின்றான். கல் அசையவில்லை. பிறகு அதே சில்லை இரண்டு கல்லுக்கு நடுவே படுக்கப் போட்டு, "இப்போ காலால் ஒரு மிதி" என்றாள். மிதித்தான். பட்டென்று முறிந்தது.

பிறகு கயிற்றை அரசன் கையில் ஒரு முனையும் காவலாளி கையில் ஒரு முனையும் கொடுத்தாள். இருவரும் இழுத்தார்கள், முகம் சிவக்க இழுத்தார்கள். கயிறு தாங்கியது. "இனி அந்தக் கயிற்றால் காவலாளியைத் தள்ளுங்கள் அரசே" என்றாள். அரசன் தன்னை மறந்து ஒருமுறை தள்ளியும் பார்த்தான். கயிறு வளைந்து அவன் காலிலேயே விழுந்தது. சபை சிரித்தது. நல்லவேளை, அரசனும் சிரித்தான்.

பிறகு மூங்கிலை எடுத்தாள். குன்றப்பன் கையை நீட்டி அதை வாங்கினார். பழக்கதோஷம், சுத்தியலால் தட்டினார். மொத்தென்றது.

"உள்ளே ஒன்றுமில்லை. ஊமை" என்றார்.

"அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் அண்ணே" என்ற அரும்பாயி, மூங்கிலை இரண்டு கல்லுக்கு நடுவே வைத்தாள். "இதில் உட்காருங்கள்."

"எனக்கு இன்னொரு கால்தான் மிச்சம்."

"கீழே ஒரு சாண்தான் அண்ணே. விழுந்தாலும் பின்பக்கம்தான் நோகும்."

அவர் உட்கார்ந்தார். மூங்கில் கீழே வளைந்தது. அவர் முகம் வெளுத்தது. அந்த ஊர்க்காரருக்கு வளைவதும் விழுவதும் ஒன்றுதானே. "எழுந்திருங்கள்" என்றாள். எழுந்தார். மூங்கில் நிமிர்ந்தது. திரும்ப உட்கார வைத்தாள். வளைந்தது. எழுந்தார், நிமிர்ந்தது. மூன்றாவது முறை அவராகவே உட்கார்ந்தார். கீழே குனிந்து அதன் வளைவைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நாற்பது வருஷமாகக் கல்லோடு இருக்கிறேன்" என்றார் பிறகு. "ஒரு நாளும் ஒன்றும் எனக்குத் திரும்பி வந்து காட்டியதில்லை."

அரசன் கேட்டான்: "அப்படியானால் முழுக்க மூங்கிலில் கட்டச் சொல்கிறாயா?"

"வேண்டாம் அரசே. இருபத்துநான்கு முழ மூங்கில் மாட்டுப் பாரத்துக்கு அமைச்சரய்யாவின் தொட்டிலாகிவிடும். கொஞ்சம் விறைப்பும் வேண்டும், இல்லாவிட்டால் மாடு கால் வைக்காது. கல்லை நிற்கச் சொல்லுங்கள், அது நிற்கும். கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அது பிடிக்கும். மூங்கிலை வளைந்து தாங்கச் சொல்லுங்கள், அது தாங்கும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்டதால்தான் இரண்டு தடவை தோற்றோம்."

அரசன் சம்மதித்தான். ஆனால் எழுந்து போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். "பாலம் வேறு, ஆணை வேறு. ஆணை கல்லில் இருக்கிறது."

அரும்பாயி தலையாட்டினாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. குன்றப்பன் கரையில் கட்டிலைப் போட்டுப் படுத்தபடியே வேலை வாங்கினார். ஆற்றின் நடுவே பாறையில் குழி வெட்டி, கல்மேல் கல் அடுக்கி, நான்கு ஆள் உயரத்தில் இரண்டு தூண் எழுப்பினார்கள். கல்லை நிற்க வைக்கிற வேலையில் அந்த ஊரை அடிக்க ஆள் கிடையாது. இருபத்துநான்கு முழம் இப்போது எட்டெட்டு முழமாக மூன்று துண்டாயிற்று. நீளம் மூன்றில் ஒன்றானால் வளைவு மூன்றில் ஒன்றாகக் குறையாது, அதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். அரும்பாயி இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கூடைக்கு விளிம்பு கட்டிக் கட்டிக் கண்டது.

ஒற்றை மூங்கில் வளைகிறது என்று ஒன்பதை ஒன்றாகச் சேர்த்து, கயிற்றால் முழத்துக்கு ஒரு கட்டுப் போட்டு உத்தரமாக்கினார்கள். கயிற்றை ஏழு வீட்டாரும் திரித்தார்கள். உத்தரத்தின்மேல் மூங்கில் தட்டி முடைந்து விரித்து, அதன்மேல் மண் போட்டு மிதித்தார்கள். கல் வெட்டுகிற வீட்டுப் பெண்கள் தட்டி முடையக் கற்றுக்கொண்டு விரலைக் கிழித்துக்கொண்டார்கள். ஊமைச் சாமான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

பாலம் முடிந்த அன்று மழையும் வந்துவிட்டது. ஐப்பசிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மேற்கு மலையில் கொட்டிய மழை ஆற்றில் சிவப்பாக இறங்கியது. படிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. அக்கரையில் அறுபது பொதிமாடுகள், முதுகில் மூட்டையோடு, நனைந்துகொண்டு நின்றன.

முறைப்படி அரும்பாயி முதலில் நடந்தாள். கால் வைத்ததும் பாலம் முனகியது. கட்டுகள் கிறீச்சிட்டன, மூங்கில் கரகரத்தது, பாதை காலுக்கடியில் இலேசாகத் தாழ்ந்தது. அவள் அக்கரை சேர்ந்து, மூட்டை சுமந்த ஒரு மாட்டைப் பிடித்துப் பாலத்தில் ஏற்றினாள். முனகல் பெரிதாயிற்று. உத்தரம் இரண்டு விரற்கடை வளைந்தது. அதைப் பார்த்ததும் மற்ற மாட்டுக்காரர்கள் மாட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"அது அழுகிறது. நாங்கள் வரமாட்டோம்" என்று கத்தினார்கள். "பேசாத கல்லே உடைந்தது. இது பேசிக்கொண்டே உடையப் போகிறது."

முதல் மாடு இக்கரை சேர்ந்தது. இரண்டாவது மாடு வரவில்லை. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் பாலத்தைப் பார்த்தது, பாலத்தில் கால் வைக்க ஓர் ஆளும் இல்லை.

அப்போது சடையன் எழுந்தான். பத்து அடி நடந்தான், நின்று இருமினான். இன்னும் பத்து அடி நடந்தான். நடுப்பாலத்துக்குப் போய், உத்தரம் அதிகம் வளைகிற இடம் பார்த்து, மழையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்தான். தட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலையைக் கிள்ளிப் போட்டான்.

"மாடு ஏறட்டும்" என்றான். "வளைந்தால் வளைந்தது என்று சொல்கிறேன். நிமிர்ந்தால் நிமிர்ந்தது என்று சொல்கிறேன். நிமிராவிட்டால் முதலில் போகிறது நான்தான். எனக்கு மூன்று நாள் நடக்கிற வேலை மிச்சம்."

"மாமா, எழுந்து வா" என்றாள் அரும்பாயி.

"நீ கட்டினதா இல்லையா?"

"நான்தான் கட்டினேன்."

"அப்போ எதுக்கு எழுந்து வரணும்?"

அக்கரை மாட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படியும் யாரும் நகரவில்லை. கரைக்கட்டிலில் உட்கார்ந்திருந்த குன்றப்பன் ஊன்றுகோலைக் கையில் எடுத்தார். ஒருமுறை நடு ஆற்றில் விழுந்து எழுந்தவர் அவர். நடுங்குகிற ஒரு காலோடும் நடுங்காத ஒரு மரக்கோலோடும் பாலத்தில் ஏறினார்.

"தூண் என்னுடையது" என்றார், யாரும் கேட்காமலே. "முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

அக்கரை போனார். இரண்டாவது மாட்டின் கயிற்றைத் தானே பிடித்தார். நடுப்பாதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். போன தடவை அந்த இடத்தில்தான் சத்தம் கேட்டது. காலுக்கடியில் மூங்கில் முனகியது.

"முனகட்டும் அண்ணே" என்றான் சடையன், உட்கார்ந்தபடியே. "பாரம் ஏறினால் முனகுகிறது, இறங்கினால் சும்மா இருக்கிறது. என் வீட்டுக்காரி பாரம் இறங்கினாலும் முனகுவாள். இது எவ்வளவோ மேல்."

குன்றப்பன் சிரித்துவிட்டார். சிரித்ததில் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. மாடும் வைத்தது. இக்கரை சேர்ந்தார்கள்.

"நிமிர்ந்தது" என்று நடுவிலிருந்து குரல் வந்தது.

மூன்றாவது மாடு ஏறியது. "வளைந்தது." இறங்கியது. "நிமிர்ந்தது." நான்காவது மாட்டுக்கு யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை. மாட்டுக்குப் பின்னால் மாடாக, ஒரு துண்டுக்கு ஒரு மாடாக, மூன்று நாள், அறுபது மாடும் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, அக்கரைத் தானியம் முழுக்க இக்கரை வந்துவிட்டது. இரண்டாம் நாள் வெள்ளத்தில் ஒரு பெரிய மரம் வந்து ஒரு தூணில் மோதியது. பாலம் முழுக்க ஆடியது. தூண் நின்றது. கட்டு பிடித்தது. மூங்கில் ஆடி அடங்கியது. ஒரு மூட்டைகூட ஆற்றில் விழவில்லை. சடையனை மட்டும் இருமல் தாங்காமல் முதல் நாள் மாலையே தூக்கி வந்து அடுப்போரம் உட்கார வைத்துவிட்டார்கள். அதன்பிறகு நடுவில் உட்கார ஆள் தேவைப்படவில்லை.

களஞ்சியம் நிறைந்தது. மறுநாள் விடிந்தால் ஐப்பசி.

ஏழு வீட்டாரும் மூட்டையோடு அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். ஆணைக்கல் அங்கே நட்டபடி நின்றது. ஊரும் வந்து நின்றது. யாருக்கும் அவர்கள் போவதில் விருப்பமில்லை. யாருக்கும் அதை எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

அரசன் வெளியே வந்தான். கல்லைப் பார்த்தான். நனைந்து நின்ற ஏழு வீட்டாரையும் பார்த்தான். சடையன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்ன சொல் இது" என்றான் அரசன். குரல் தாழ்ந்திருந்தது. "இதை மாற்றினால் நாளை என் எந்தச் சொல்லை யார் நம்புவார்கள்?"

அரும்பாயி பேசலாமா என்று யோசித்தாள். அதற்குள் வேறொருவர் பேசினார்.

"அரசே, நான் கிடத்திய கல்லும் மாறவில்லை" என்றார் குன்றப்பன். "கடைசிவரைக்கும் மாறவில்லை. முதல் பாரம் ஏறியதும் இரண்டாகப் போய்விட்டது. உங்கள் சொல்மேல் இன்றைக்குத்தான் முதல் பாரம் ஏறியிருக்கிறது."

அரசன் ஆணைக்கல்லைக் கையால் தடவினான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"கல்லில் வெட்டியதை அழிக்கிற வழக்கம் நமக்கு இல்லையே" என்றான்.

"அழிக்க வேண்டாம். கீழே இடம் இருக்கிறது."

அரசன் தலையசைத்தான். தலைமைக் கல்தச்சர் ஊன்றுகோலைச் சடையனிடம் கொடுத்துவிட்டு, முறிந்த காலை நீட்டி ஈரத்தரையில் உட்கார்ந்தார். உளியை எடுத்தார். அரசன் சொல்லச் சொல்ல, பழைய வரிக்குக் கீழே புது வரி வெட்டினார். 'தானியம் வராவிட்டால் மட்டும். தானியம் வந்தது, யாரும் போக வேண்டாம்.' கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கல்லின் ஓரத்தில் கொஞ்சம் வளைத்து வெட்டினார். ஏழு வீட்டாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அன்று எல்லா வீட்டிலும் உலை கொதித்தது.

அதற்குப் பிறகும் அந்த ஊர்க்காரர்கள் தட்டிப் பார்ப்பதை விடவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? ஆனால் தட்டிய பிறகு ஒருமுறை பாரம் வைத்துப் பார்த்தார்கள். வளைந்தால் முகம் சுளிக்கவில்லை. பாரத்தை எடுத்துவிட்டு, அது திரும்பி வருகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள்.

கேட்டவர்கள் கொண்டுபோக வேண்டிய நீதி இவ்வளவுதான்: விறைப்பு வேறு, வலிமை வேறு, ஆகவே வளையாமல் நிற்கிறது என்பதற்காக ஒன்றை நம்பாமல், பாரம் ஏறும்போது அது எப்படித் தாங்குகிறது என்று பார்த்தே பொருளையும் நம்ப வேண்டும், மனிதரையும் நம்ப வேண்டும்.